வட்டமும் புள்ளியும்

ஒலி பிறந்த கணத்திலேயே மறைவது. மறையும் அதனை நிறுத்தி வைத்தற்கு மக்கள் கண்ட வழியே எழுத்து. ஆயினும் எழுத்து ஒலியின் உருவேயன்றி ஒலியாகாது. உருவைக் கண்டு ஒலியை மீண்டும் எழுப்புதற்கு ஒருவன் வேண்டும். அவன் எழுதினவன் கருத்தை அறிந்தவனாயின் நன்று. எழுதினவன் மாண்டு ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தபின் வந்தவனாயின், அவன் ஊகித்தே அறிதல் வேண்டும். அங்ஙனம் ஊகித்ததை எழுதினவன் சொல்லாகவே உலகிற்கு அளித்தல் முறையாமோ? இவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பியவை, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் எழுதப்பெற்ற இசையேடுகளில் கால அளவைக் காட்டுதற்கு இட்ட சில வட்டங்களும் புள்ளிகளும் எண்களுமேயாம். அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றும் பணியில் இவ்வினா எங்ஙனம் எழுகின்றது என்பதனை இங்கே ஒருவாறு கூறப் புகுந்தோம்.

"தமிழ் ஆனர்ஸ் பயிலும் உமக்கு மேனாட்டு இசைவட்டங்களால் ஆவதென்னை?" என்று விடுதி நண்பர் சிலர் எம்மை நகையாடியதுண்டு. யாம் கல்லூரிப் பாடகர் குழுவில் நடுக்குரல் பாடுபவர்களுள் ஒருவர். குழுவிற்கு அளிக்கப்பெறும் பழைய திருச்சபைப் பாடல்கள் யாவும் இக்காலக் குறியீட்டில், அளவுக்கோடுகளால் பகுக்கப்பெற்று அச்சானவை. அவற்றுள் ஒன்றன் தொடக்கத்தில் மட்டும், வரிக்கு இடப்புறம் சிறிய உருவில், பழைய ஏட்டில் உள்ளபடியே ஒரு வரியின் முகப்பு அச்சிடப்பட்டிருந்தது. அதிற் கண்ட கோடு வெட்டிய அரைவட்டம் ஒன்று எம் மனத்தை ஈர்த்தது. அதனை ஆராயத் தொடங்கினோம். ஆராயுந்தோறும் நம் தமிழிலக்கணத்தின் முகமே அதனுட் காணப்பட்டது. ஆதலின் நண்பர் நகைப்பு எம்மைத் தடுத்திலது.

முதற்கண் அவ்விசைக் குறியீட்டின் இயல்பைச் சிறிது காண்போம். அக்காலத்தார் இசைக்குறிகளுக்கு இட்ட பெயர்களுள் இரண்டு லோங்கா, பிரெவிஸ் என்பன. இலத்தீன் மொழியில் அவற்றின் பொருள் யாவையெனின், நெடியது, குறியது என்பனவே. நெடிலும் குறிலும் அறிந்த தமிழ் மாணவர்க்கு இதனினும் இனிய வரவேற்பு வேறென்ன வேண்டும்? பிரெவிஸைப் பகுத்தால் செமிபிரெவிஸ். அதனையும் பகுத்தால் மினிமா, அஃதாவது மிகச் சிறியது. ஆனால், நம் நெடில் எஞ்ஞான்றும் இரண்டு மாத்திரை பெறுவதுபோல, பிரெவிஸ் எஞ்ஞான்றும் இரண்டு செமிபிரெவிஸ் பெறும் என்று எண்ணுதல் கூடாது. சில இடங்களில் அஃது மூன்று பெறும். சில இடங்களில் இரண்டு பெறும். மூன்றாதல் நிறைவு என்றும், இரண்டாதல் குறை என்றும் வழங்கினர். 13ஆம் நூற்றாண்டில் இவ்வளவையிசைக்கு இலக்கணம் வகுத்த கொலோன் நகரத்து பிராங்கோ என்பார், மூன்று நிறைவெனப்படுதற்குப் பரிசுத்த திரித்துவத்தையே காரணமாகக் காட்டினர். 14ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேயத்தில் எழுந்த ஆர்ஸ் நோவா என்னும் புதுமுறையில் இரண்டும் மூன்றிற்கு நிகரான இடம் பெற்றது. அதன்பின், எவ்விடத்தில் எவ்வளவு என்பதனை உணர்த்த அடையாளங்கள் வேண்டியவாயின.

அவ்வடையாளங்கள் மிக எளியன. முழுவட்டம் இட்டால் பிரெவிஸ் மூன்று செமிபிரெவிஸாகும். ஒரு புறம் திறந்த வட்டம் இட்டால் இரண்டாகும். உள்ளே புள்ளி இருப்பின் செமிபிரெவிஸ் மூன்று மினிமாவாகும். புள்ளி இன்றேல் இரண்டாகும். ஆகவே புள்ளியுள்ள முழுவட்டத்தில் ஒரு பிரெவிஸ் 9 மினிமா நேரம் நிற்கும். புள்ளியற்ற முழுவட்டத்தில் 6. புள்ளியுள்ள அரைவட்டத்திலும் 6. புள்ளியற்ற அரைவட்டத்தில் 4. இடையில் நின்ற இரண்டும் ஆறேயாயினும் ஒன்றல்ல. முன்னது மூவிரண்டு, பின்னது இருமூன்று. அவற்றின் நடை வேற்றுமையைத் தாளம் போட்டுப் பார்ப்பார் கை உடனே உணரும். இன்று மேனாட்டு இசை பயில்வோர் நான்கெண்ணிக்கைத் தாளத்திற்கு இடும் குறி ஆங்கில எழுத்தொன்றைப் போலத் தோன்றினும், அஃது எழுத்தன்று. இப்பழைய அரைவட்டத்தின் எச்சமேயாம்.

இவ்வளவில் நின்றிருப்பின் கணிப்பொறிக்கு யாதொரு இடர்ப்பாடும் இராது. ஆனால், ஒரே வட்டத்தின் ஆட்சியிலும் ஒரே உருவுடைய பிரெவிஸ் ஓரிடத்தில் நிறைந்தும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கும். நிறைவுடைய பிரெவிஸை அடுத்துத் தனி செமிபிரெவிஸ் ஒன்று வரின், அது பிரெவிஸின் மூன்றிலொரு பகுதியைக் கவர்ந்து கொள்ளும். பிரெவிஸை அடுத்துப் பிரெவிஸே வரின், முன்னது குறையாது. இதனைக் கேட்ட மாத்திரத்தே குற்றியலுகரம் எம் நினைவிற்கு வந்தது. பசு என்னுமிடத்துச் சுகரமும் காசு என்னுமிடத்துச் சுகரமும் உருவால் ஒன்றே. எனினும் முன்னதன் உகரம் ஒரு மாத்திரை. பின்னதன் உகரம் அரை மாத்திரை. எழுத்து மாறிலது, சார்பு மாறியது, அளவும் மாறியது. இன்னும், குறியை அடுத்து இடும் புள்ளிக்கும் இரு தொழில் உண்டு. ஓரிடத்தில் அது நேரத்தைக் கூட்டும். ஓரிடத்தில் நேரத்தைக் கூட்டாது, எல்லையை மட்டும் பிரித்துக் காட்டும். இரண்டும் ஏட்டில் ஒரே புள்ளிதான். இத்தொழில் இதுவென அறிபவன் படிப்பவனேயாவன்.

இனி விகிதக் குறிகளுக்கு வருவோம். வட்டத்தையோ அரைவட்டத்தையோ ஒரு கோட்டால் வெட்டினால் நடை விரையும் என்பர். எத்துணை விரையும்? சரியாக இருமடங்கா, சிறிதளவா? இது பற்றி அக்காலத்து ஆசிரியர்களே ஒருப்பட்டிலர். இக்காலத்தும் அன்னா மரியா புஸ்ஸே பெர்கர் 1993இலும், ரூத் டெஃபோர்ட் 2015இலும் இத்துறையில் தனித்தனி நூல்கள் இயற்ற வேண்டியிருந்தமை, வழக்கு இன்னும் தீர்ந்திலது என்பதனைக் காட்டும். எண்களின் நிலையும் அதுவே. 3 என்னும் எண்ணைக் கீழே 2 என்னும் எண்ணோடு இட்டால், முன்னர் இரண்டு நின்ற காலத்தில் இனி மூன்று நிற்கும் என்பது தெளிவு. 3 என்பதனைத் தனியே இட்டால், ஒன்றின் இடத்தில் மூன்றோ, இரண்டின் இடத்தில் மூன்றோ என்னும் ஐயம் எழும். முன்னது பின்னதைப்போல இருமடங்கு விரைவுடையது. 1470களில் நேப்பிள்ஸ் அரசவையில் வாழ்ந்த தின்க்டோரிஸ் என்னும் இசைப்புலவர் விகிதங்களைப் பற்றியே ஒரு நூல் இயற்றினார். விகிதமாவது இரண்டெண்களுக்கு இடைப்பட்ட உறவு, ஆதலின் இரண்டெண்களையும் எழுதுதல் வேண்டும் என்பது அவர் துணிபு. அங்ஙனம் எழுதாதவர்களைக் கண்டித்தவர், தம் காலத்துப் பெரும் புலவராகிய ஒக்கெகெமையும் விட்டாரில்லர். ஆயினும் எழுதுவோர் அவர் சொற்படி நடந்திலர். தனியெண் பின்னரும் வழங்கியது.

குற்றங் கூறப்பெற்ற அவ்வொக்கெகெமே இக்குறிகளைக் கொண்டு செய்த அற்புதம் ஒன்றை இங்குக் கூறாது விடுதல் ஆகாது. 'மிஸ்ஸா ப்ரொலாசியோனும்' என்பது அவருடைய திருப்பலி இசைகளுள் ஒன்று. அதன் முதற்பகுதியில் எழுதப்பட்டவை இரண்டே வரிகள், பாடுவோர் நால்வர். ஒரு வரியின் முன்னே புள்ளியற்ற அரைவட்டமும் முழுவட்டமும் இடப்பட்டிருக்கும். மற்றொன்றன் முன்னே புள்ளியுள்ள அவ்விரண்டும் இடப்பட்டிருக்கும். ஒரே வரியை இருவர் ஒருங்கு தொடங்குவர். ஒருவர் தம் வட்டத்தின்படி பிரெவிஸுக்கு ஆறு எண்ணுவர்; மற்றவர் நான்கு எண்ணுவர். நெடிய குறிகள் வருந்தோறும் ஒருவர் பின்தங்குவர், மற்றவர் முந்துவர். எனினும் நான்கு குரலும் ஒன்றோடொன்று இயைந்து நடக்கும். ஜோஸ்கின் என்பார் ஒரு படி மேலும் சென்றார். 1502இல் வெனிஸ் நகரில் பெத்ருச்சி அச்சிட்ட தொகுதியில் உள்ள அவருடைய திருப்பலி இசையொன்றில், தேவ ஆட்டுக்குட்டியை விளித்துப் பாடும் பகுதிகளுள் இரண்டாவது, ஒரே வரியாக உள்ளது. அதனின்று மூன்று குரல்கள் எழுகின்றன. நடுக்குரல் மெல்ல நடக்க, கீழ்க்குரல் இருமடங்கும் மேற்குரல் மும்மடங்கும் விரைகின்றன. வரி ஒன்று, குறி மூன்று. குறியை நீக்கிவிட்டால் அங்கே இசையே இல்லை. அவ்வரியின் உயிர் அக்குறிகளிலேயே உள்ளது எனல் மிகையாகாது.

இத்தகைய ஏடுகளை இக்காலத்தில் கணிப்பொறியில் ஏற்றுகின்றனர். ஏற்றிவிட்டால் எந்நாட்டாரும் தேடலாம், ஒப்பிடலாம், பாடியும் பார்க்கலாம். உலக எழுத்துக்களுக்கெல்லாம் எண்ணிட்டு வைக்கும் யூனிகோடு, 2001இல் வெளிவந்த பதிப்பில் இசைக்குறிகளுக்கும் இடம் அளித்தது. அவற்றுள் இவ்வளவைக்குறிகள் எட்டு உண்டு. ஆனால் அவற்றின் பெயர்களைக் காண்மின்! வட்டம், அரைவட்டம், கோடு என்று உருவால் பெயரிட்டிலர். நிறைவு, குறை, குறுக்கம் என்று பொருளால் பெயரிட்டனர். கோடு குறுக்கத்தைக் காட்டுமா என்பதே வழக்காயிருக்க, பெயரிலேயே தீர்ப்பு அளிக்கப்பட்டுவிட்டது. இதனினும் நுண்ணிய முறை ஒன்று உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பெரி ரோலண்ட் என்பார் தொடங்கி, இன்று பல நாட்டு அறிஞர் கூடிப் பேணும் 'மியூசிக் என்கோடிங் இனிஷியேட்டிவ்' என்பதே அது. அம்முறையில் ஓர் அளவைக்குறியை ஏற்றுங்கால் இருவகைச் செய்திகளை வேறு வேறாக எழுதலாம். உருவு வட்டமோ அரைவட்டமோ, உள்ளே புள்ளி உண்டோ, வெட்டிய கோடுகள் எத்தனை, அரைவட்டம் எப்பக்கம் நோக்கியது என்பன ஒரு வகை. இவை கண்ணால் அறியப்படுவன. பிரெவிஸ் மூன்றோ இரண்டோ, செமிபிரெவிஸ் மூன்றோ இரண்டோ, விகிதம் எந்த எண்ணுக்கு எந்த எண் என்பன மற்றொரு வகை. இவை கருத்தால் அறியப்படுவன. கண்டதற்கு ஓர் அறையும் கருதியதற்கு மற்றோர் அறையும் கட்டிவைத்த இம்முறையை அறிந்தபோது எம் உள்ளம் பெரிதும் மகிழ்ந்தது.

சென்ற விடுமுறையில் யாமும் கணித வகுப்பு நண்பர் ஒருவரும் கூடி, இணையத்தில் கிடைக்கும் ஏட்டுப் படங்களைக் கொண்டு சில பக்கங்களை இம்முறையில் ஏற்றிப் பழகினோம். நான்கு குரல்களும் ஒருங்கே 3 என்னும் தனியெண்ணைப் பெறும் ஓரிடம் வந்தது. 'ஓசன்னா' என்று ஆர்ப்பரிக்கும் பகுதிகளில் இவ்வாறு எல்லாக் குரல்களும் ஒருங்கே மும்மை நடைக்கு மாறுதல் அக்காலத்தில் மிகுதியும் உண்டு. நண்பர் விகிதம் யாதென வினவினார். "ஏடு சொல்லவில்லை" என்றோம். "ஏடு சொல்லாவிடினும் நீர் சொல்லும், எண் இன்றேல் பொறி பாடாது" என்றார் அவர்.

இவ்விடத்தின் அருமை யாதெனின், ஒரு குரல் மட்டும் விகிதம் மாறினால் மற்றைக் குரல்களே சான்றாகும். தவறான எண்ணை இட்டால் குரல்கள் முட்டி மோதி உண்மையை உணர்த்தும். எல்லாக் குரல்களும் ஒருங்கே மாறினாலோ, எவ்வெண்ணை இடினும் குரல்கள் தம்முள் இயைந்தே நிற்கும். முன் நடைக்கும் பின் நடைக்கும் உள்ள உறவு மட்டுமே வேறுபடும். ஆகவே சான்று முற்றும் அற்ற இடத்திலேதான் எவ்வெண்ணும் எளிதிற் பொருந்துகின்றது. பொருந்துவதால் எவரும் ஐயுறுவதுமில்லை. சரி, எண்ணை எழுதாமலே விட்டுவிடுவோம் என்றாலும் தப்புதல் அரிது. யாம் வாய் திறவாவிடின் பொறி தனக்கு முன்னரே கற்பித்துள்ள ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு பாடிவிடும். கேட்போர் அதனையே பழம்புலவர் கருத்தென்று கொள்வர். இவ்விடத்தில் வாய்மூடியிருத்தலும் ஒருவகைக் கூற்றேயாயிற்று.

இந்நிலையில் எமக்கு வழிகாட்டியது எம் வகுப்பறையே. தமிழ் ஓலைச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது; ஓலையில் எழுத்தாணியால் புள்ளியிட்டால் துளைபடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். தொல்காப்பிய நெறிப்படி எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும், நெடில்கள் பெறா. எனவே புள்ளியில்லாச் சுவடியில் எரியும் ஏரியும் ஒன்றே. தீயையும் நீரையும் பிரிப்பது படிப்பவன் அறிவே. கொடு என்பதும் கோடு என்பதும் அவ்வாறே. இத்தாலி நாட்டிற் பிறந்து தமிழ்ப்புலவராய்த் திகழ்ந்த வீரமாமுனிவர், நெடிலுக்கு வேறு உருவு அமைத்து இவ்விடரை நீக்கினர். அவர் பிறந்த நாட்டின் இசையேடுகளில் வட்டத்தினுள் இட்ட புள்ளி அளவைக் கூட்டியது. அவர் கற்ற நாட்டின் ஏடுகளில் எழுத்தின்மேல் இட்ட புள்ளி அளவைக் குறைத்தது. இரு நாட்டிலும் ஒரு சிறு புள்ளியே காலத்தை ஆண்டது.

இவ்வோலைகளை அச்சேற்றிய பெரியோர்களுள் சிறந்தார் செய்தது யாது? தாம் துணிந்த பாடத்தை மேலே பதித்தனர்; வேறு சுவடியிற் கண்ட பாடத்தைக் கீழே காட்டினர். உ. வே. சாமிநாதையர் பதிப்புக்களைக் கையில் எடுத்தார் எவரும் அப்பாடபேதங்களின் அருமையை அறிவர். மேலுள்ளதை மட்டும் பதித்திருப்பின் நூல் படித்தற்கு எளிதாயிருந்திருக்கும். ஆனால், அவர் எங்கே துணிந்தார், எங்கே கண்டார் என்பது நமக்கு என்றும் விளங்கியிராது. பின்வந்தோர் அவரினும் நல்ல சான்று பெற்றவிடத்தும், திருத்துதற்கு வழியிராது. திருத்த வேண்டுவதொன்று அங்குள்ளது என்பதே தெரிந்திராது.

இதனை நண்பருக்கு எடுத்துரைத்தபோது, அவர் எளிதில் இசைந்திலர். "ஐயங்களை அடுக்கிவைத்தால் பாடகர்க்கு என்ன பயன்? ஞாயிறன்று ஆலயத்தில் நின்று பாட வேண்டியவர் பாடபேதத்தைப் பாடுவாரோ?" என்றார். இவ்வினா மிக நேர்மையானது. யாமும் பாடகரே, ஓரெண்ணைத் துணியாது ஓரடியும் பாட இயலாது என்பதனை அறிவோம். பொருள் கூறாது உருவை மட்டும் காப்பேன் என்பவர், எழுத்தைக் காத்து இசையைச் சாகவிட்டவராவர். ஆதலின் துணிதல் கடமையே. ஆனால், துணிந்தவர் இன்னார் என்பதனை அதன் அருகே எழுதுதலும் கடமை. மேற்கூறிய முறையில் அதற்கும் இடம் உண்டு. ஓரிடத்திற்கு இரண்டு பாடங்களை அடுத்தடுத்து வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யாரென்று குறிக்கலாம்.

முடிவில் யாம் இருவரும் அவ்விடத்தை இவ்வாறு ஏற்றினோம். உருவின் அறையில், ஏட்டிற் கண்டவாறே 3 என்னும் தனியெண்ணை மட்டும் வைத்தோம். பொருளின் அறையில், இரண்டின் இடத்தில் மூன்று என்பதை முதற்பாடமாகவும், ஒன்றின் இடத்தில் மூன்று என்பதை இரண்டாம் பாடமாகவும் எழுதி, இவை ஏற்றினவர் கருத்து என்று எம் பெயர்களின் முதலெழுத்தை இட்டோம். பொறி முதற்பாடத்தைப் பாடியது; பின்னர் இரண்டாவதையும் பாடியது. முன்னது அமர்ந்த மகிழ்ச்சி போன்றிருந்தது; பின்னது துள்ளிக் குதிக்கும் சிறுவரின் ஆரவாரம் போன்றிருந்தது. இரண்டும் இனியனவே. நண்பர் பின்னதையே விரும்பினார். யாம் முன்னதையே விரும்பினோம். எம் விருப்பங்கள் யாவை என்பதும் அவை விருப்பங்களே என்பதும் இனி அவ்வேட்டைத் திறப்பார் எவர்க்கும் தெரியும்.

தமிழ் கற்பார்க்கு இவ்வட்டங்களால் ஆவதென்னை என்று வினவிய நண்பர்க்கு யாம் கூறும் விடை இதுவே. கற்றவர் கையில் பழம்பொருள் ஒன்று ஒப்படைக்கப்படுகின்றது. அது சுவடியாயினும் இசையேடாயினும், அதனை அடுத்தவர் கையிற் சேர்த்தலே அவர் தொழில். தம் அறிவையும் அதனோடு சேர்த்துக் கொடுத்தல் நன்று. ஒன்றும் சேர்க்காதவர் வெறுஞ் சுமைகாரரே. ஆனால், சேர்த்தது இது, பெற்றது இது என்று பிரித்துக் காட்டாது கொடுத்தல், பிறர் பொருளில் தம் முத்திரையை மறைவாகக் குத்துதலை ஒக்கும். கணிப்பொறி வந்தபின் இக்கடமை குறைந்திலது, பெருகியதேயாம். ஓலையிற் புகுந்த ஊகம் சில பிரதிகளோடு நின்றது. கணிப்பொறியிற் புகுந்த ஊகமோ ஒரே நாளில் உலகெங்கும் பிரதியாகி, எண்ணின் உறுதியோடு பேசும்.

இன்னும் ஈராண்டில் யாம் இக்கல்லூரியை விட்டு நீங்குவோம். அதன்பின் சுவடிகளோடு வாழும் பேறு எமக்குக் கிட்டுமாயின், ஒவ்வொரு பக்கத்திலும் கண்டதைக் கண்டவாறும் கருதியதைக் கருதியவாறும் வேறு வேறாக வைக்கும் நேர்மையை ஆண்டவர் எமக்கு அருள்வாராக. வட்டத்தினுள் ஒரு புள்ளி உண்டாயின் உண்டென்போம், இன்றாயின் இன்றென்போம். அதன் பொருளைச் சொல்லுங்கால், எம் பெயரை இட்டுச் சொல்லுவோம்.